தி நேனி டயரீஸ்: படிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வந்ததா?

தாமிரபரணிக்காரி (ஜெர்சி சிட்டி) கேட்டது:

எங்கள் ஊர் நூலகத்தில் மாதக் கடைசி வியாழக்கிழமை வாசிப்புக் கூட்டம் நடக்கும். எட்டுப் பேர் வருவோம். இந்த மாதம் எடுத்த புத்தகம் ‘தி நேனி டயரீஸ்’. நேனி என்றால் குழந்தை பார்ப்பவள். எம்மா மெக்லாக்லினும் நிகோலா க்ரௌஸும் சேர்ந்து எழுதி 2002-ல் வந்த நாவல். படிக்காதவர்களுக்காக இரண்டு வரி: நியூயார்க்கில் கல்லூரியில் படிக்கும் நேன் என்கிற பெண், பார்க் அவென்யூவில் ஒரு பெரிய வீட்டில் க்ரேயர் என்ற நாலு வயதுப் பையனைப் பார்த்துக்கொள்ளச் சேர்கிறாள். வீட்டுக்காரர்களுக்குப் பெயரே கிடையாது. மிஸ்டர் எக்ஸ், மிஸஸ் எக்ஸ், அவ்வளவுதான்.

கூட்டத்தில் ஏழு பேர் வயிறு வலிக்கச் சிரித்ததாகச் சொன்னார்கள். ஒருவர் ரயிலில் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டாராம். என் முறை வந்தபோது, எனக்குப் பாதி இடங்களில் சிரிப்பே வரவில்லை என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

காரணத்தை அங்கே சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். 2011 முதல் 2014 வரை நான் கதையில் வரும் அதே பணக்காரப் பகுதியில், அப்பர் ஈஸ்ட் சைடில், ஒரு வீட்டில் குழந்தை பார்த்தேன். அண்ணன் மூலம் கிரீன் கார்டு கிடைத்து வந்த புதிது. பாளையங்கோட்டையில் எட்டு வருஷம் டீச்சராக இருந்தவள், இங்கே அந்தச் சான்றிதழ் செல்லவில்லை. காலை ஆறரைக்கு ஜர்னல் ஸ்கொயரில் பாத் ரயில், முப்பத்து மூன்றாம் தெருவில் இறங்கி, பார்க் அவென்யூ வரை நடந்து, ஆறாம் நம்பர் ரயிலில் எழுபத்தேழாம் தெரு. எட்டு மணிக்குக் குழந்தை என் கையில் இருக்கவேண்டும். நான் சேரும்போது அவனுக்கு ஒன்பது மாதம்.

எனக்குச் சிரிப்பு நின்ற முதல் இடம் கிறிஸ்துமஸ். வீட்டில் வேலை செய்கிற மற்றவர்களுக்குக் கைப்பையும் காசோலையும் வருகிறது. நேனுக்குப் பெட்டியில் இருப்பது காது மூடி. குளிருக்குப் போட்டுக்கொள்கிறோமே, அதுதான். எங்கள் கூட்டத்தில் அந்தப் பக்கத்தை ஒருவர் எழுந்து நின்று வாசித்தார், எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். வருஷம் முழுக்க ஓடியவளை வீட்டம்மா எந்த வரிசையில் வைத்திருக்கிறாள் என்பது அந்தப் பெட்டியைத் திறக்கும் நிமிஷத்தில்தான் அவளுக்கே தெரிகிறது. அந்த நிமிஷம் எனக்குத் தெரியும்.

இரண்டாவது, க்ரேயர் தன் அப்பாவின் விசிட்டிங் கார்டை பஸ் பாஸ் உறையில் போட்டுச் சட்டையில் குத்திக்கொண்டு திரிவது. அப்பா வீட்டில் இல்லை, கார்டு இருக்கிறது.

நான் அந்த வேலை செய்ததால் மட்டும் இப்படிப் படுகிறதா, இல்லை புத்தகத்திலேயே அது இருக்கிறதா? படித்தவர்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள். கதை முடிவைப் பற்றியும் தாராளமாகப் பேசலாம்.

---

வேப்பமரத்தடி (சென்னை):

நான் சிரிச்சேங்க. அதை மறைக்க விரும்பல. பாரதி சாலை நடைபாதைக் கடையில 60 ரூபாய்க்கு வாங்கி ரெண்டே ராத்திரியில முடிச்சேன். ஹாலோவீன் பார்ட்டிக்கு டெலிடப்பீஸ் வேஷம், அதான் குட்டிப் பசங்க டிவியில வர்ற பொம்மைங்க, போடச் சொல்ற இடத்துல எங்க வீட்டுக்காரர் எழுந்து வந்து என்னாச்சுன்னு கேட்டார்.

ஆனா நீங்க சொல்றதுக்கும் இதுக்கும் சண்டை இல்லன்னு நினைக்கிறேன். எழுதின ரெண்டு பேருமே நேனியா இருந்தவங்க. ரெண்டு பேருக்குமா சேர்த்து முப்பது வீடு கிட்ட வேலை பார்த்திருக்காங்க. அவங்க இதையே அழுகைக் கதையா எழுதியிருந்தா எத்தனை பேர் கையில எடுத்திருப்பாங்க? சிரிக்க வெச்சதாலதான் பார்க் அவென்யூ அம்மாக்களே வாங்கிப் படிச்சாங்க, இது யாரு வீடு, அது யாரு வீடுன்னு பேசிக்கிட்டாங்க. சிரிப்புக்குள்ள வெச்சுக் கொடுத்தது அவங்க கெட்டிக்காரத்தனம்.

இன்னொண்ணு. மிஸஸ் எக்ஸை நான் வெறுக்கல. அந்தப் பையன் அம்மாவுக்காகக் காத்திருக்கான், அம்மா புருஷனுக்காகக் காத்திருக்கா, அந்த ஆளு சிகாகோக்காரி பின்னாடி போயிட்டான். ஒரே வீட்டுக்குள்ள எல்லாரும் வேற வேற கதவைப் பார்த்துக்கிட்டு நிக்கறாங்க. லாவெண்டர் தண்ணி வேணும், அந்தப் பூ வேணும்னு அவ ஊரெல்லாம் அலைய விடறதை ரெண்டாவது தடவை படிச்சப்ப, கையில இருக்கற ஒரே அதிகாரத்தை அவ பிடிச்சுக்கிட்டிருக்கான்னு தோணுச்சு. நீங்க அந்த வீடுகள்ல இருந்தவங்க. நான் சொல்றது சரியா?

---

ஸ்காபரோ வாசகி (டொரொன்டோ):

வணக்கம் அக்கா. புத்தகம் வந்த கொஞ்ச நாளிலையே நான் வாசிச்சனான். அப்ப கம்பஸிலை படிச்சுக்கொண்டிருந்தன், நல்லாச் சிரிச்சனான் எண்டதும் உண்மை. உங்கட பதிவைப் பாத்திட்டு இந்தக் கிழமை திருப்பி எடுத்து வாசிச்சன்.

ஸீமா எண்டு ஒரு ஆள் வாறா, ஞாபகம் இருக்கோ? வேறை ஒரு வீட்டிலை பிள்ளை பாக்கிறவ. சான் சால்வடோரிலை எஞ்சினியரா இருந்தவ. குடும்பம் ஒரு நாட்டிலை, அவ ஒரு நாட்டிலை. ரெண்டு மூண்டு பக்கத்திலை அவவின்ரை கதை முடிஞ்சுபோகுது, பிறகு திரும்ப நேனும் அவள் காதலிக்கிற ஹார்வர்ட் பெடியனும். முதல் தரம் வாசிக்கேக்கை நான் ஸீமாவைக் கவனிக்கவே இல்லை. இந்த முறை அந்தப் பெடியன் வாற பக்கமெல்லாத்தையும் தட்டிக்கொண்டு போனனான், ஸீமா திரும்ப வருவாவோ எண்டு பாத்துக்கொண்டு.

எங்கட அப்பார்ட்மென்டிலை பக்கத்துக் கதவு ஒரு பிலிப்பினோ அக்கா. இஞ்சை 1992 இலை ஒரு திட்டம் துவங்கினவை: வெளிநாட்டிலையிருந்து வந்து பிள்ளையளையோ வயசானவையையோ பாக்கிறவை, வேலை செய்யிற வீட்டிலையே தங்கி ரெண்டு வருச வேலையை முடிச்சால்தான் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். அந்த வீட்டிலை தங்கிற கட்டாயத்தை 2014 கடைசியிலைதான் எடுத்தவை. அந்த அக்கா தன்ரை பிள்ளையளை ஆறு வருசம் காணேல்லை. இரவு பத்து மணிக்கு ஸ்கைப்பிலை வீட்டுப்பாடம் சொல்லிக் குடுப்பா, அங்கை அப்ப அடுத்த நாள் காலமை. பிள்ளை கொப்பியைக் கமராவுக்குக் கிட்டப் பிடிக்கும், இவ பென்சிலாலை ஸ்கிரீனிலை தொட்டுத் தொட்டுப் பிழையைக் காட்டுவா.

நேனுக்குப் போக வீடு இருக்கு, தாய் தகப்பன் அதே ஊரிலை, படிப்பு முடியப் போகுது. அவள் வேலையை விட்டால் கதை முடியுது. ஸீமா விட்டால் என்ன ஆகும்? அதை எழுத ஏலாமல்தான் ரெண்டு பக்கத்திலை விட்டவையோ எண்டு யோசிச்சன்.

---

தாமிரபரணிக்காரி:

இரண்டு பேருக்கும் நன்றி. வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும் இதைத்தான் திறந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

வேப்பமரத்தடி, நீங்கள் சொன்ன ‘வேற வேற கதவு’ அப்படியே உண்மை. நான் இருந்த வீட்டில் லிஃப்ட் நேராக வீட்டு முன்கூடத்தில் வந்து திறக்கும். ராத்திரிச் சாப்பாடு ஆறரைக்கு. லிஃப்ட் மணி அடித்தால் பையன் ஸ்பூனைப் போட்டுவிட்டு நாற்காலியிலிருந்து சறுக்கி இறங்கி ஓடுவான். பெரும்பாலும் டோர்மேன்தான், சலவைத் துணியோ பார்சலோ கொண்டு வந்திருப்பார். இவன் அந்தப் பிளாஸ்டிக் உறைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பான், யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று. பிறகு திரும்பி வந்து கையை நீட்டுவான், தூக்கி உட்கார வை என்று. சில நாள் இது மூன்று தடவை நடக்கும். அந்த டோர்மேன் நல்ல மனிதர். கடைசியில் ஆறரையிலிருந்து ஏழு வரை எதையும் மேலே கொண்டு வராமல் கீழேயே வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். நான் கேட்கவில்லை, அவராகச் செய்தார்.

அந்த அம்மாவையும் நான் வெறுக்கவில்லை. அவர் ஏழு மணிக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்காருவார். பையன் அப்போது என் பக்கம் ஒட்டிக்கொள்வான். நான் விலகி சமையலறைக்குப் போய்விடுவேன், அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று.

பணம் என்று வந்தபோதுதான் வேறு மாதிரி ஆனது. நாவலின் கடைசியில் நான்டக்கெட் தீவில் வைத்து நேனை வேலையை விட்டு அனுப்புகிறார்கள். உறையைத் திறந்தால் 500 டாலர். அவள் உட்கார்ந்து கணக்குப் போடுகிறாள்: பத்து நாள், நாளுக்குப் பதினாறு மணி நேரம், மணிக்குப் பன்னிரண்டு டாலர். அந்த இடத்தை எங்கள் கூட்டத்தில் யாரும் குறிப்பிடவே இல்லை. எனக்கு நாவலிலேயே பெரிய இடம் அதுதான். நானும் அதே கணக்கைப் போட்டிருக்கிறேன், மருந்துக்கடை ரசீதின் பின்பக்கத்தில், சென்ட்ரல் பார்க்கில் ஆலிஸ் சிலைக்கு எதிரே உள்ள பெஞ்சில். அந்த வெண்கலச் சிலையில் குழந்தைகள் ஏறி ஏறி, காளான்கள் எல்லாம் வழுவழு என்று மின்னும். பிள்ளைகள் அதில் ஏறும், நாங்கள் சுற்றி நிற்போம். டிரினிடாட்காரர் ஒருவர், இருபது வருஷமாக இந்த வேலையில் இருப்பவர், அவர்தான் கேட்டார்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று. காலை எட்டு முதல் மாலை ஏழு, ஐந்து நாள். ஐம்பத்தைந்து. மணிக்கு 15 டாலர் என்று 825 வாங்கிக்கொண்டிருந்தேன். நாற்பது மணிக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு என்றார் அவர். அதாவது 937 டாலர் 50 சென்ட். வாரம் 112.50 எனக்கு வராமல் போயிருக்கிறது.

1938-ல் அமெரிக்காவில் கூலிச் சட்டம் போட்டபோது வீட்டு வேலை செய்கிறவர்களைச் சேர்க்கவே இல்லை. 1974-ல்தான் சேர்த்தார்கள். நியூயார்க் மாநிலம் தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்து அது 2010 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வாரம் ஒரு நாள் ஓய்வு, ஒரு வருஷம் முடிந்தால் சம்பளத்தோடு மூன்று நாள் விடுப்பு எல்லாம் அதில் இருக்கிறது. அது வந்த அடுத்த வருஷமே நான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சட்டத்துக்காகத் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கி, பஸ் பிடித்து மாநிலத் தலைநகர் ஆல்பனி வரை போய் வந்தவர்கள் அவர்கள்.

நான் கேட்டேன். மூன்று நாள் ஒத்திகை பார்த்துவிட்டுக் கேட்டேன். அடுத்த வாரத்திலிருந்து சரியாகக் கொடுத்தார்கள், பழையதைப் பற்றிப் பேச்சில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த அம்மா என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜில் சீட்டு ஒட்ட ஆரம்பித்தார். நாவலில் மிஸஸ் எக்ஸும் சீட்டாகத்தான் எழுதிக்கொண்டிருப்பார். மற்றவர்கள் அந்தச் சீட்டுகளைப் படித்துச் சிரித்தபோது எனக்கு அந்த மஞ்சள் காகிதம் கண்ணில் வந்தது.

ஸ்காபரோ வாசகி, ஸீமாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டேன். கூட்டத்தில் நான் சொல்ல நினைத்து வார்த்தை கிடைக்காமல் போனது அதுதான். அந்த பெஞ்சில் எல்லோருமே ஸீமாதான். மணிலாவில் நர்ஸ், லிமாவில் கணக்காளர், பாளையங்கோட்டையில் டீச்சர். கல்லூரி மாணவி ஒருத்திகூட அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நாவலை எழுதியவர்கள் தாங்கள் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள், அதில் குறை இல்லை. ஸீமா வாய் திறக்கிற அந்த இரண்டு பக்கத்தைச் சேர்த்தார்களே, அதற்காக நான் அவர்களை மதிக்கிறேன். ஆனால் அந்த ஹார்வர்ட் பையனுக்குக் கொடுத்த இடத்தில் பாதியை ஸீமாவுக்குக் கொடுத்திருந்தால் நான் இந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டிருப்பேன். 2007-ல் வந்த படத்திலும் இதே கதைதான். அதில் அவளை நியூ ஜெர்சிப் பெண்ணாக, பெயரை ஆனி என்று மாற்றிவிட்டார்கள். ஸ்கார்லெட் ஜோஹான்சன் நன்றாகத்தான் செய்திருக்கிறார், க்ரேயரைப் பார்க்கும்போது மட்டும் மனசு கனத்தது.

---

பழைய தபால்தலை (மதுரை):

நாவலை நான் இன்னும் படிக்கவில்லை. ஆயினும் பெயர் பற்றி ஒரு செய்தி இந்த உரையாடலுக்குப் பொருந்தும்.

குழந்தை பார்ப்பவரை நாம் ஆயா என்கிறோமே, ‘aia’ என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து இந்தியாவில் பரவியது அது. ஆங்கிலேயக் குடும்பங்கள் தாய்நாட்டுக்குக் கப்பலேறும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்களையும் உடன் அழைத்துச் சென்றார்கள். கரை சேர்ந்ததும் சிலரைத் திரும்பி வர டிக்கெட் கூட இல்லாமல் லண்டனில் விட்டுவிட்டார்கள். அவர்கள் தங்குவதற்கென்றே அங்கே ஒரு விடுதி இருந்தது. 1900 முதல் ஹாக்னி பகுதியில் கிங் எட்வர்ட்ஸ் ரோடு 26-ஆம் எண்ணில் இயங்கியது. 2022-ல் அந்த வீட்டுச் சுவரில் நீல நினைவுப் பலகை பதித்தார்கள்.

கப்பல் பயணிகள் பட்டியல்களில் அந்தப் பெண்களின் பெயர் பெரும்பாலும் இருக்காது. இன்னார் வீட்டு ஆயா என்று மட்டும் இருக்கும். அதனால் இன்றைக்கு அவர்களைத் தேடுகிற பேத்திகளும் ஆய்வாளர்களும் முதலாளியின் பெயரைப் பிடித்துத்தான் தேடவேண்டியிருக்கிறது. இந்த நாவலில் வீட்டுக்காரர்கள் எக்ஸ் ஆகிவிட்டார்கள் என்று படித்தபோது எனக்கு அந்தப் பட்டியல்கள்தான் நினைவுக்கு வந்தன. எழுதிய இருவரும் பேனாவை மறுபக்கம் திருப்பிப் பிடித்திருக்கிறார்கள்.

---

தாமிரபரணிக்காரி:

ஐயா, இதை நான் அடுத்த கூட்டத்தில் சொல்லப் போகிறேன். அந்த நேன் என்ற பெயரும் நேனி என்ற வேலைப் பெயரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவளை வேலையின் பெயரால் கூப்பிட்டாலும் அவளுடைய பெயரால் கூப்பிட்டாலும் கேட்பதற்கு ஒன்றாகவே இருக்கும்.

நான் பார்த்துக்கொண்ட பையன் என்னை அத்தை என்று கூப்பிடுவான். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ‘போதும்’ என்ற வார்த்தையும் தெரியும், தட்டைத் தள்ளிக்கொண்டே சொல்வான். அவங்க அம்மாவுக்கு அது புரியாது, நான் மொழிபெயர்க்கவேண்டும்.

---

வேப்பமரத்தடி:

உங்க பதிவைப் படிச்சிட்டு அந்த நான்டக்கெட் பக்கத்தைத் திரும்ப எடுத்தேன். முதல் தடவை அந்தக் கணக்கைத் தாண்டிப் போயிருக்கேன், இப்ப நானே கூட்டிப் பார்த்தேன், 1920 வருது. சரியான கூலியில கால்வாசிக்குக் கொஞ்சம் மேல கொடுத்து அனுப்பியிருக்கா. கால்வாசின்னா என்னன்னு எங்க வீட்டுக்கு வர்ற அக்காவுக்கு நான் தர்றதையும் உட்கார்ந்து கூட்டினேன். திங்கட்கிழமை அவங்ககிட்ட பேசணும்.

ஒண்ணு கேக்கலாமா? நீங்க அந்த வேலையை எப்படி விட்டீங்க?

---

தாமிரபரணிக்காரி:

நான் விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு, திங்கள் முதல் அவன் முழு நேரப் பள்ளிக்குப் போகிறான், இனி நீங்கள் வரவேண்டாம் என்றார்கள். இரண்டு வாரச் சம்பளம் சேர்த்தே கொடுத்தார்கள். அதில் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் பையன் குளித்துக்கொண்டிருந்தான். தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. அவனிடம் சொல்லிவிட்டுப் போகட்டுமா என்றேன். வேண்டாம், அழுவான், பிறகு தூங்க மாட்டான் என்றார் அந்த அம்மா. சரி என்று செருப்பை மாட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறிவிட்டேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு லிஃப்ட் மணி அடித்தபோது அவன் ஓடினானா என்று இப்போதும் யோசிப்பேன்.

நாவலின் முடிவில் நேன், அந்த வீட்டில் அவளை வேவு பார்க்க வைத்திருந்த கரடிப் பொம்மை கேமராவைக் கண்டுபிடித்து அதன் முன்னால் உட்கார்ந்து பேசுகிறாள். முதலில் ஆத்திரமாக. பிறகு அதை அழித்துவிட்டு, க்ரேயரைக் கொஞ்சம் பாருங்கள், அவனுக்கு உங்கள் மேல் எவ்வளவு ஆசை என்று சொல்கிறாள். எங்கள் கூட்டத்தில் ஒருவர், இது ரொம்ப சினிமாத்தனம் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எனக்கு ஒரு கரடி கிடைத்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன், ஆத்திரப்பட்டதை அழிப்பதையும் சேர்த்து.

---

ஸ்காபரோ வாசகி:

அக்கா, இதின்ரை ரெண்டாம் பாகம் இருக்கெண்டு தெரியுமோ? ‘நேனி ரிட்டர்ன்ஸ்’, 2009 இலை வந்தது. முதல் புத்தகம் அளவுக்குச் சுவாரசியம் இல்லை, வீடு திருத்திற கதையெல்லாம் நீளமா ஓடுது. ஆனால் தொடக்கத்துக்காக வாசியுங்கோ. நேன் கலியாணம் கட்டித் திரும்ப நியூயார்க் வந்திருப்பா. ஒரு இரவு கதவிலை தட்டிற சத்தம். பாத்தால் க்ரேயர். அவனுக்குப் பதினாறு வயசு. அந்தக் கரடி வீடியோவை அவன் பாத்திட்டான். ஏன் என்னை விட்டிட்டுப் போனனீங்கள் எண்டு கேக்கிறான்.

---

தாமிரபரணிக்காரி:

தெரியாது. யாரும் சொல்லவே இல்லை.

நான் பார்த்துக்கொண்ட பையனுக்கும் இப்போது ஏறத்தாழ அதே வயதுதான் இருக்கும்.

மதியம் நூலகத்துக்கு போன் பண்ணினேன். வேறு கிளையிலிருந்து வரவழைக்கவேண்டுமாம். எனக்கு முன்னால் யாரும் கேட்டிருக்கவில்லை, புதன்கிழமை வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். படித்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.